எந்தப் பூ

“மூணு மாசமாக் கோடுதானுங்க போட்டுட்டு இருக்கறேன். பூ எப்பங்க டீச்சர்?”

நாச்சிமுத்து கேட்டார்.

டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்தாள். அவர் ஊசியில் கோத்திருந்த நூலைப் பிடித்து நீட்டிப் பார்த்தாள். இரண்டு முழத்தைத் தாண்டிப் போயிற்று. கத்திரியை எடுத்துப் பாதியில் வெட்டினாள்.

“இது எதுக்குங்க?”

“நீள நூல் சிக்கும்.”

“அடிக்கடி கோக்கோணுமேன்னு பார்த்தேனுங்க.”

“கோக்கணும்,” என்றாள். அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டாள்.

டீச்சரின் பெயர் மெஹருன்னிசா. சங்ககிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரியின் மாடியில், வாரம் மூன்று மத்தியானம் எம்பிராய்டரி சொல்லிக்கொடுக்கிறாள். வயது இருபத்தொன்பது. பேச்சு குறைவு. ஒரு கேள்விக்கு முழுசாக ஒரு வாக்கியம் வந்தால், டீச்சர் இன்றைக்குச் சந்தோஷமாக இருக்கிறாள் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

பாயில் அவளைச் சுற்றிப் பதினொரு பெண்கள். பன்னிரண்டாவது ஆள் நாச்சிமுத்து.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்து நாலு வருஷம் லாரி ஓட்டியவர். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். ஊசி குத்தினால் தெரியாது. துணியில் ரத்தப் பொட்டைப் பார்த்த பிறகுதான் விரலைத் திருப்பிப் பார்ப்பார்.

முதல் நாள் அவர் படியேறி வந்தபோது, யாரையோ கூட்டிப்போக வந்தவர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“யாரைப் பார்க்கணும்?” என்றாள் டீச்சர்.

“தையல் பழகோணுங்க.”

“யாரு?”

“நான்தானுங்க.”

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

அவர் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே நூல். சிவப்பு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம், பேர் தெரியாத நிறங்கள். பாதிக்குமேல் பிரிக்காத கண்டுகள்.

“இது இந்தூருங்க. இது சூரத்து. இந்தப் பச்சை நாக்பூர்ல, மழையில எறங்கி ஓடிப்போய் வாங்குனது.”

“யாருக்கு?”

“என்ற பொண்ணுக்கு. பள்ளிக்கூடத்துல தையல் பழகுனா. நடைக்கு ஒரு கலர் கேப்பா. எந்த ஊருக்கு லோடு போனாலும் ஒண்ணு வாங்கியாந்து குடுத்துருவேன்.”

“என்ன தைச்சாங்க?”

நாச்சிமுத்து ஒரு கண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“தெரியலீங்க.”

டீச்சர் மூடியை எடுத்து டப்பாவை மூடினாள்.

“இப்ப எதுக்குப் பழகணும்?”

“அவளுக்குக் கொழந்த பொறக்கப் போகுதுங்க. ஒரு துணி. மூலையில ஒரு பூ. என்ற கையால.”

“எந்தப் பூ?”

“ஏதோ ஒரு பூவுங்க.”

“எந்தப் பூன்னு கேட்டுட்டு வாங்க,” என்றாள் டீச்சர். “அதுவரைக்கும் கோடு.”

ஒரு வெள்ளைத் துணி, ஒரு வளையம், ஒரு ஊசி, கறுப்பு நூல். அவ்வளவுதான் தந்தாள்.

யாரைக் கேட்பது?

மகள் கவின்மலர் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம். பிடித்த பையனைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற வேலை. கல்யாணம் முடித்து, கழுத்தில் மாலையோடு இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். நாச்சிமுத்து உள்ளே தாழ் போட்டார்.

மறுநாள் லாரியின் நெற்றியில் எழுதியிருந்த மகள் பெயரைப் பிளேடு வைத்துச் சுரண்டினார். பெயிண்டரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க அவரே சுரண்டினார். பிறகு மனைவி பாவாயியிடம் சொன்னார்:

“இனி இந்த வீட்டுல அந்தப் பேரு கேக்கக் கூடாது.”

கேட்கவில்லை. ஆனால் தினம் சாயங்காலம் பாவாயி துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போவாள். நாலு துணி எடுக்க முக்கால் மணி நேரம் ஆகும். இடுப்பில் போன் செருகியிருக்கும்.

நாச்சிமுத்துவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது பாவாயிக்கும் தெரியும்.

அவள் படியேறியதும் அவர் டி.வி. சத்தத்தைக் குறைப்பார். மேலேயிருந்து துண்டு துண்டாக விழும்.

“ம்… சாப்பிட்டியா… ம்… காலு வீங்கியிருக்குதா…”

மகள் குரல் கேட்காது. அவள் பேசுகிற நேரமெல்லாம் மாடி அமைதியாக இருக்கும். நாச்சிமுத்து அந்த அமைதிக்குத்தான் காது கொடுத்து உட்கார்ந்திருப்பார். அது நீளமாக இருந்தால், இன்றைக்குப் பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

அப்படித்தான் ஒரு நாள் ‘ஏழாம் மாசம்’ என்ற வார்த்தை படியிறங்கி வந்தது.

அதற்கு அடுத்த வாரம் அவர் பேக்கரி மாடி ஏறினார்.

கோடு போட்டார். ஓட்டுத் தையல். ஊசி மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை.

“உங்களுக்கென்னங்க அண்ணா, ஓட்டுத் தையல்தான! நீங்க ஓட்டாததா?” என்றாள் பக்கத்தில் இருந்த பெண். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கோடு நேராக நிற்கவில்லை. மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போயிற்று.

டீச்சர் பார்ப்பாள். “கேட்டீங்களா?” என்பாள்.

“இல்லீங்க.”

“கோடு.”

இரண்டாவது மாதம் அவருக்குப் பொறுக்கவில்லை. காலண்டரில் இருந்த ரோஜாவைத் துணியில் பென்சிலால் வரைந்து, டப்பாவிலிருந்து சிவப்பை எடுத்து, வீட்டிலேயே தைத்துக்கொண்டு வந்தார். பார்க்கிற மாதிரி இருந்தது. பெண்கள் கைமாற்றிப் பார்த்து, பரவாயில்லையே என்றார்கள்.

டீச்சரும் வாங்கிப் பார்த்தாள்.

“என்ன பூ?”

“ரோசாங்க.”

“அவங்களுக்குப் பிடிக்குமா?”

நாச்சிமுத்து டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார்.

டீச்சர் ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். கோபமாகப் பிரிக்கவில்லை, நூல் அறாமல், நிதானமாகப் பிரித்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. பிரித்த சிவப்பு நூலை விரலில் சுற்றி அவரிடமே தந்தாள்.

அன்றைக்குத்தான் அவர் கொட்டினார். கதவு, தாழ், பிளேடு, மொட்டைமாடி எல்லாம். பதினொரு பெண்களும் ஊசியை நிறுத்திக் கேட்டார்கள். டீச்சர் மட்டும் தைத்துக்கொண்டே கேட்டாள்.

முடித்ததும், “கோடு,” என்றாள்.

ஒரு நாள் சாயங்காலம் மாடியில் பாவாயியின் குரல் உடைந்தது.

“பொண்ணா? பொண்ணா கண்ணு? நல்லா இருக்குதா? நீ?”

பிறகு வெகு நேரம் சத்தமே இல்லை.

பாவாயி இறங்கி வந்தாள். துணியை எடுக்காமலே வந்தாள். நேரே சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். என்ன விசேஷம் என்று அவர் கேட்கவில்லை. குடித்தார்.

“இனிப்பு போதுங்களா?”

“போதும்.”

டம்ளரைக் கழுவி வைக்கும் சாக்கில் அவரும் எழுந்து சமையலறைக்குப் போனார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள்.

அதன்பிறகு ஒரு மாதம் போயிற்று. அப்போதுதான் அவர் டீச்சரிடம் கேட்டார், பூ எப்போது என்று. அப்போதுதான் டீச்சர் நூலை வெட்டினாள்.

அன்று வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார்.

“ஏம்புள்ள. மலரு அந்த நூலுல என்ன தைச்சா?”

பாவாயி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. மூன்று வருஷம் கழித்து அவர் வாயில் அந்தப் பேர் வந்திருக்கிறது.

“தலகாணி உறை,” என்றாள் மெல்ல.

“எந்த உறை?”

“உங்களுக்குத்தானுங்க. லாரியில போட்டுட்டுப் போவீங்களே. நீங்க நடை முடிச்சு வந்ததும் உறையக் கழட்டிக்குவா. துவைச்சுக் காயப்போட்டு, நீங்க மறுபடி கெளம்பறதுக்குள்ள எதையோ குத்திக் குடுப்பா. வருசக்கணக்கா அதுதான அவளுக்கு வேலை.”

“என்ன பூ?”

“பூவோ என்னமோ. பொட்டுப் பொட்டா இருக்கும். எனக்கென்னங்க தெரியும்? நீங்கதான தலைக்கு வெச்சுப் படுத்தீங்க?”

நாச்சிமுத்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கன்னத்துக்கு ஞாபகம் இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கேபினில் சாயும்போதெல்லாம் கன்னத்தில் ஏதோ உறுத்தும். மணல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தட்டிவிடுவார். போகாது. தலையணையைத் திருப்பிப் போட்டு, வழவழப்பான பக்கத்தில் படுத்துக்கொள்வார்.

கடைசியில் அந்த உறை என்ன ஆயிற்று என்பதும் ஞாபகம் வந்தது. நாசிக் பக்கம் ஒரு பங்க்கில் வண்டியை நிறுத்தி, ஆயில் பார்க்கத் துணி கிடைக்காமல், அதைக் கிழித்தார்.

அடுத்த வகுப்பில் இதை டீச்சரிடம் சொன்னார்.

டீச்சர் கேட்டு முடித்தாள். அவர் வளையத்தை வாங்கித் திருகைத் தளர்த்தினாள். துணியை எடுத்து நாலாக மடித்தாள். துணி, வளையம், ஊசி மூன்றையும் தகர டப்பாவின் மேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நாளன்னைக்கு வகுப்புக்கு வராதீங்க.”

“தப்பா ஏதாவது சொல்லிட்டனுங்களா?”

“இந்தப் பூவுக்கு டீச்சர் நான் இல்லை.”



நாச்சிமுத்து டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். படி வரைக்கும் போனார். திரும்பினார்.

“கதவத் தெறக்கலீன்னா?”

டீச்சர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அன்னைக்கு உங்க வாசல்ல அவங்க எவ்வளவு நேரம் நின்னாங்க?”

“…இருட்டற வரைக்குங்க.”

“அவ்வளவு நேரம் நில்லுங்க.”

வீட்டில் பாவாயி விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஏற்கெனவே டி.வி. மேல் வைத்திருந்தாள். எத்தனை நாளாக அங்கே இருந்ததோ.

“நீயும் வா.”

“மொதல்ல நீங்க போயிட்டு வாங்க. நான் போன மாசம் பழனிக்குப் போறேன்னு போனேனே, அது பழனி இல்லீங்க.”

“தெரியும்,” என்றார் நாச்சிமுத்து.

ஈரோடு போய், அங்கிருந்து தாராபுரம் பஸ். முப்பத்து நாலு வருஷம் பார்த்த ரோடுதான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகிறபோது எதுவுமே அடையாளம் தெரியவில்லை. என்ன பேசுவது என்று வழிநெடுக யோசித்தார். காங்கேயம் தாண்டும்போது நாலு வார்த்தை கிடைத்தது. தாராபுரத்தில் இறங்கும்போது அதுவும் இல்லை.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. நிற்கத் தயாராகத்தான் வந்திருந்தார். கதவு திறந்தே கிடந்தது. வாசலுக்குக் குறுக்கே கொடி. கொடியில் கிரீஸ் கறை போகாத ஓர் ஆம்பளைச் சட்டை, ஈரமாக. அதன் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் நாலைந்து குட்டிச் சட்டைகள்.

அவர் அந்தக் குட்டிச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கவின்மலர் வாளியோடு வெளியே வந்தாள். பார்த்தாள். வாளி கையிலேயே இருந்தது. மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. அவள் பார்வை அவர் முகத்திலிருந்து டப்பாவுக்கு இறங்கி, அங்கேயே கொஞ்சம் நின்றது.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார்.

“மெதுவாப் பேசுங்க,” என்றாள் மகள். “இப்பத்தான் தூங்குனா.”

அப்பா என்று அவள் சொல்லவில்லை. ஆனால் வாளியை ஓரமாக வைத்துவிட்டு வழி விட்டாள்.

மருமகன் சட்டைக்கு அடியில் குனிந்துதான் உள்ளே போக முடிந்தது. குனிந்து போனார்.

ஒரே அறை. இடுப்பளவுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்பு. நடுவில் சேலைத் தூளி. கவின்மலர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் முழுக்கக் குடித்தார். பிறகு மடித்த துணியை எடுத்து நீட்டினார்.

அவள் பிரித்தாள். மேலே வளைந்து கோணிப்போன கறுப்புக் கோடுகள். கீழே வர வரக் கொஞ்சம் கொஞ்சமாக நேராகியிருந்தன. அங்கங்கே பழுப்பாகக் காய்ந்த ரத்தப் பொட்டு.

“யாரு போட்டது?”

“நான்தான் கண்ணு.”

அவள் நம்பாமல் அவர் விரல்களைப் பார்த்தாள்.

“மூணு மாசமா வகுப்புக்குப் போறேன். பாப்பாவுக்கு ஒரு பூ போடலாம்னு. எந்தப் பூன்னு டீச்சர் கேட்டாங்க. எனக்குத் தெரியல. அந்தத் தலகாணி உறையில நீ போட்டது எந்தப் பூ?”

கவின்மலர் தூளியை ஒரு முறை ஆட்டிவிட்டாள்.

“அது பூ இல்ல.”

“அம்மா பொட்டுப் பொட்டா இருக்கும்னாளே?”

“முடிச்சு. நீங்க வராத நாளுக்கு ஒண்ணு. நடை பத்து நாளுன்னா பத்து. இருபதுன்னா இருபது. நீங்க கொண்டாந்த கலர்லயே.”

தூளி போய் வந்தது.

“எனக்கு அது…” நாச்சிமுத்து சொம்பைத் தள்ளி வைத்தார். “உறுத்துதுன்னு திருப்பிப் போட்டுப் படுத்துக்குவேன் கண்ணு. அப்புறம் ஒரு நாள் அதக் கிழிச்சு…”

“ஆயில் தொடச்சீங்க. தெரியும். ஆயுதபூசைக்கு வண்டி கழுவறப்பப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில கெடந்துச்சு.”

குரலில் சூடே இல்லை. சூடு இருந்திருந்தால் அவரால் தாங்க முடிந்திருக்கும்.

“அதுக்கப்புறம்தான் இனி நூல் வாங்கியார வேண்டாம்னு சொன்னேன். ஏன்னு நீங்க கேக்கவே இல்ல.”

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இரண்டு பேரும் தூளியைப் பார்த்தார்கள். அசைவில்லை.

நாச்சிமுத்து டப்பாவை அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்:

“அந்த முடிச்சு எப்படிக் கண்ணு போடறது?”

அவள் விலகிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தார். அவள் தரையில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள். நூல்களை விரலால் கலைத்துக் கலைத்துப் பார்த்தாள். ஒரு பச்சையை எடுத்துக் கோத்தாள்.

“கீழேருந்து ஊசிய வெளியே இழுக்கோணும். நூல ஊசில ரெண்டு சுத்து சுத்தோணும். வந்த ஓட்டைக்குப் பக்கத்துலயே குத்தோணும். அதே ஓட்டையில குத்துனா உள்ளாற போயிரும். நூலத் தளர விடாதீங்க. இப்ப இழுங்க.”

அவர் இழுத்தார். முடிச்சு துணியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது.

“இன்னொருக்கா.”

அதுவும் போயிற்று.

மூன்றாவது நின்றது. ஒரு பக்கம் சாய்ந்து, கடுகளவு.

நாச்சிமுத்து அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதற்குப் பக்கத்தில் ஊசியை வைத்தார். நாலாவது. ஐந்தாவது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை போடப் போறீங்க?”

“நான் வராத நாளுக்கெல்லாம்.”

கவின்மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கொழந்தைக்கு உறுத்தும்,” என்றாள்.

அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

தூளிக்குள் ஒரு சின்ன முனகல். சேலை அசைந்தது. பிறகு அழுகை. கவின்மலர் எழுந்து குழந்தையைத் தூக்கினாள். தோளில் போட்டுத் தட்டினாள். அடுப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வேறு வழியில்லாதவள் மாதிரி குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள்.

நாச்சிமுத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவர் மீசையைப் பார்த்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டி உரசும் சத்தம். பிறகு அவள் குரல்.

“அப்பா.”

“ம்?”

“எப்பக் கெளம்பறீங்க?”

“லோடு ஒண்ணும் இல்ல கண்ணு.”